நட்ட புருவம்

சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையின் பழைய ஊழியர்கள் ஒன்றுகூடியபோது, பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். சென்னையில் இருக்கும் ஏதோ ஓர் அழகு நிலையத்தின் விளம்பரம். ஒரு முகம் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தது. ஒரு பாதியில் மெல்லிய புருவம், மறுபாதியில் அடர்ந்த புருவம்.

"பாருங்க மேடம், தலையிலருந்து முடி எடுத்துப் புருவத்துல நடுறாங்க. புதுசா வந்திருக்கு."

"புதுசா? இதே கட்டடத்துல நாங்க அறுபதுகள்லயே செஞ்சோமே!"

"அப்பவே அழகுக்காக இதெல்லாம் பண்ணாங்களா?"

ஆமாம் என்றாலும் பொருந்தாது, இல்லை என்றாலும் பொருந்தாது. அதையே அவளிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்க மேடம், ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள். நான் எதையும் நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறவள் இல்லை. அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருவள்ளூரில் பள்ளிக்கூடம், சென்னையில் நர்சிங். படுக்கை விரித்தேன், பரீட்சை எழுதினேன், தேறினேன். ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்று ஒரே துடிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். திருவள்ளூருக்கு வெளியே இருந்த தொழுநோய் மருத்துவமனையில் ஆளே கிடைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்த வாரமே தியேட்டரில் நிற்கவைத்துவிட்டார்கள்.

வீட்டில் பெரிய ரகளை. அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்தவர். திருவிழா நாட்களில் உற்சவருக்குத் திருமண் சாற்றுவது அவர் பொறுப்பு. அம்மா என்னை வாசல் வழியாக உள்ளே விட்டதே இல்லை. "கொல்லைப் பக்கமா வாடி, வைதேகி. தலையோட ரெண்டு குடம் ஊத்திண்டு அப்புறம் பேசு" என்பாள். நானும் ஊற்றிக்கொண்டுதான் பேசினேன். சண்டை போட எனக்கு நேரம் இருக்கவில்லை.

அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் ஜெயசீலன். உயரமான மனிதர். ஆனால் நோயாளி பெஞ்சில் உட்கார்ந்தால், இவர் அதைவிடத் தாழ்ந்த ஒரு முக்காலியில் உட்காருவார். முகத்தை முதலில் நேராகப் பார்ப்பார், பிறகு இடம், பிறகு வலம். சிரிக்கச் சொல்வார். கண்ணை இறுக மூடச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்பார்: "இந்த முகத்தை யாரு பாக்கணும்?"

ஒருவர் "தங்கச்சி கல்யாணத்துக்குப் போவணும்" என்பார். ஒருவர் "பஸ்ஸுல ஏறணும்" என்பார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் கத்தி எடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்.

புருவம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த நோயில் சிலருக்குப் புருவ முடி வெளிக்கோடியிலிருந்து உதிர்ந்துகொண்டே வரும். மாத்திரை வருடக் கணக்கில் ஓடும். கிருமி செத்துவிடும். தோலைக் கீறி எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதாவது, ஆள் குணமாகிவிட்டார், இனி யாருக்கும் ஒட்டாது. ஆனால் போன புருவம் வராது. ஊரில் எல்லோருக்கும் அந்த அடையாளம் தெரியும். மைக்ராஸ்கோப்பில் நாங்கள் பார்த்ததை ஊர் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தது.

நான் உதவிக்கு நின்ற முதல் புருவம் நன்றாக முளைத்து வந்ததும், "எவ்ளோ அழகா இருக்கு டாக்டர்!" என்று குதித்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அழகுன்னு சொல்லாதே. அவன் ஊர் டீக்கடையில எல்லாருக்கும் குடுக்கிற கிளாஸ்லயே அவனுக்கும் டீ குடுத்தாங்களான்னு கேட்டு வந்து சொல்லு."

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திர எல்லையோரத்திலிருந்து செங்கையா என்று ஒருவர் வந்தார். விரல்கள் மடங்கியிருந்தன, புருவமும் இல்லை. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும். டாக்டர் கைதான் முதலில் என்றார். கை இருந்தால்தானே பிழைப்பு!

செங்கையா ஒப்பவில்லை. "கை கெடக்கட்டும் நைனா. கைய துண்டுல சுத்திக்குவேன். மொகத்த எத்துல சுத்தறது?"

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. காலையில் கேட்டு வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி ஒரு கோடியிலிருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, நீ வா, நீ வா என்று கூப்பிடுவார். கையை யாரும் நீட்டச் சொல்வதில்லை. செங்கையா புருவத்தை வைத்துக்கொண்டு போனார், வேலையும் கிடைத்தது. சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, "இப்ப கைய போட்டு வுடு நைனா. கேட்டத் தாண்டியாச்சு, உள்ள நிக்க கை வேணும்" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கன்னியம்மாவைப் பற்றி.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலத்தில் நெல் பயிரிடும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் பெயர் ஏழுமலை. நான்கு வயதில் ஒரு பையன். நோய் தெரிந்ததும் மாமியார் ராஜம்மா இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பையனைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மாத்திரை தின்று தின்று கிருமி ஒழிந்தது. குணமாகிவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தோடு ஏழுமலை வீட்டுக்குப் போனான். ராஜம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லையாம். "காயிதத்த எவன் பாக்கறான்? மொகத்தப் பாத்தா தெரிஞ்சுபூடுது" என்றாராம். தை பிறந்ததும் தன் தம்பி மகளை ஏழுமலைக்குக் கட்டிவைப்பது என்று பேச்சும் தொடங்கிவிட்டது.

கன்னியம்மாவின் முகத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டர் தடை போட்ட வார்த்தையை இங்கே நான் பயன்படுத்துகிறேன். அவள் அழகி. வார்டுக்குள் நடந்து வந்தால் பேச்சு நிற்கும். அதுதான் அவளுக்குக் கேடாகவும் இருந்தது. சாதாரண முகத்தை ஜனங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவளை இரண்டாவது தடவை பார்ப்பார்கள். இரண்டாவது தடவையில் புருவம் இல்லாதது தெரிந்துவிடும். மையால் வரைந்துகொண்டு ஒரு முறை சந்தைக்குப் போயிருக்கிறாள். வெயிலில் வேர்வை வழிந்து கன்னத்தில் கறுப்பாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை.

டாக்டர் தன் கேள்வியைக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "எம்மாமியாரு பாக்கணும் டாக்டரய்யா. அவுங்க பாத்து சரின்னுட்டா எம்புள்ள எனக்கு வந்துரும்."

ஆடி மாதம் வந்து சேரச் சொன்னோம். சொன்ன நாளில் தாயோடு வந்தாள். முக்காட்டை எடுத்தாள். மழமழவென்று மொட்டை!

நான் கத்தியே விட்டேன். "என்னம்மா பண்ணிட்டு வந்திருக்கே?"

அவளுடைய தாய்க்கு ஒரே பெருமை. "ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயி குடுத்துட்டோம் சிஸ்டர். ஆப்ரேசன் நல்லபடியா முடியணுமில்ல?"

புருவத்துக்கான முடியைத் தலையிலிருந்துதான் எடுப்போம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "நடவுக்கு வந்தாச்சு, நாத்தைக் காணோமே" என்றார்.

கன்னியம்மா தலையைத் தடவிப் பார்த்தாள். "அய்யய்யோ, நாத்தங்காலையே ஓட்டிட்டு வந்துட்டனா?"

வேர் உள்ளேதான் இருக்கிறது, முளைக்கட்டும், காத்திருக்கலாம் என்றார் டாக்டர். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் கத்தி வைத்தால் இரண்டு தவறு நேரும். கத்தி நேராக இறங்கினால் சாய்ந்திருக்கும் வேர்கள் அறுந்துபோகும். முடியோடு எடுத்த தோல் பட்டையைத் திருப்பி வைத்துவிட்டால் புருவம் மூக்கைப் பார்த்து வளரும். ஆகவே ஆவணி வரைக்கும் அவள் வார்டில் உட்கார்ந்திருந்தாள். தை நெருங்குகிறதே என்று கவலைப்பட்டது அவளைவிட நான்தான். தினமும் போய் அவள் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். "பயிரு எப்டி கீது சிஸ்டர்?" என்று கேட்பாள்.

அறுவை நாளன்று அவளை நிமிர்ந்து உட்காரவைத்து, புருவம் வர வேண்டிய இடத்தை மருந்துச் சாயத்தால் நான் வரைந்தேன். அந்த வேலையை டாக்டர் என்னிடமே விட்டிருந்தார். அப்பா திருமண் சாற்றுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கோடு இழுக்க என் கைக்குப் பழகிவிட்டது. படுத்திருக்கும்போது வரையக் கூடாது, படுத்தால் முகம் வேறு. வரைந்து முடித்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். நீல நிறத்தில் இரண்டு கோடுகள். அவள் நெடுநேரம் பார்த்தாள். "இதே போதும்போல கீது" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, இரு காதுகளுக்கும் மேலே, பட்டாணி அகலத்தில் நீளவாக்கில் இரண்டு பட்டைத் தோலை டாக்டர் எடுத்தார். முடியின் சாய்வுக்கு ஏற்பக் கத்தியையும் சாய்த்தே பிடித்தார். பட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சிறு கத்திரியால் நீக்க வேண்டும். அதிகம் நீக்கினால் வேர் போய்விடும், குறைத்து நீக்கினால் ஒட்டாது. பிறகு நெற்றியில் கீறி, பட்டையைப் பதித்து, தைத்து, அந்த நூல்களாலேயே பஞ்சு உருண்டையைச் சேர்த்து இறுக்கிக் கட்டுவோம். அந்த அழுத்தத்தில்தான் தோல் பிடிக்கும்.

பிடித்தது. கட்டு பிரித்ததும் குட்டை முடியோடு இரண்டு புருவம். வார்டே வந்து பார்த்தது. மூன்று வாரத்தில் அந்த முடி அத்தனையும் உதிர்ந்தது.

அப்படித்தான் உதிரும். இடம் மாறிய வேர் முதலில் இருக்கிற முடியைக் கொட்டிவிட்டு, சில மாதம் சும்மா இருந்து, பிறகு புதிதாக முளைவிடும். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்வோம், யாரும் நம்புவதில்லை. தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கன்னியம்மா என்னிடம் வந்தாள். அழவில்லை. "எனுக்குன்னு எது வச்சாலும் நிக்காது சிஸ்டர்" என்றாள். அவளுக்குத் தைரியம் சொல்ல என்னிடம் டாக்டரின் வார்த்தை மட்டும்தான் இருந்தது. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

கார்த்திகையில் முளைத்தது. முதலில் விரலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. மார்கழியில் கறுத்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. தலைமுடி அல்லவா, நெற்றியில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியுமா! வாராவாரம் கத்திரிக்க வேண்டும். கத்திரிக்காமல் விட்டால் கண்ணில் விழும். ஒரு சிறு கத்திரியைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தேன்.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள். கரைத்தால் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. ராஜம்மாவும் வருவார், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழுமலை செய்தி சொல்லி அனுப்பினான். கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளிப் போட்டிருப்பதாகவும், தன் அம்மாவிடம் அறுவை பற்றி ஒரு வார்த்தைகூட சொல்லவில்லை என்றும் சொன்னான். மருந்தில் முளைத்தது என்றே அவர் நினைக்கட்டும். 'ஒட்டுப் புருவம்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

குளத்துப் படியில், நல்ல வெயிலில், கன்னியம்மா நின்றாள். நான் இரண்டு படி தள்ளி நின்றேன். ராஜம்மா ஒல்லியான உடம்பு, வெற்றிலை போட்ட வாய். குனிந்து கட்டைவிரலைக் குளத்தில் நனைத்தார். மருமகளின் மோவாயை ஒரு கையால் பிடித்து நிமிர்த்தி, நனைந்த விரலால் வலப் புருவத்தை அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மை இல்லை. இடப் புருவத்தையும் தேய்த்தார். அப்புறமும் விரலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"அடுத்த கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வா" என்றார். "நோவு போனா ஒன்ன மொட்ட போடறேன்னு வேண்டிக்கினு கீறேன். மொட்டையோடதான் ஊருக்குள்ள வரணும்."

"ஆடியிலயே குடுத்துட்டேன் அத்த."

"அது ஒங்கம்மா வேண்டுதல். இது என்து."

ராஜம்மா படியேறிப் போனதும் கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். எனக்கும் புரிந்தது. வழித்துவிட்டால் இரண்டு காதுக்கும் மேலே இரண்டு தழும்பு, அளவெடுத்தாற்போல், பட்டப் பகலில் தெரியும். அதை மறைத்து வந்தது இவ்வளவு நாளும் முடிதான். மாட்டேன் என்று சொன்னால் சாமி குற்றம். சரி என்று போனால் புருவத்தின் கதை வெளியே வந்துவிடும். "நீங்க வாங்க சிஸ்டர். எது நடந்தாலும் கூட ஒருத்தரு இருங்க" என்றாள். டாக்டரிடம் விடுப்புக் கேட்டேன். "போய்ட்டு வா, வைதேகி. என்ன ஆச்சுன்னு சொல்லு" என்றார்.

திருத்தணி மலைமேல் முடி இறக்கும் இடத்தில் அன்று நல்ல கூட்டம். நாவிதர் பேச்சுக்காரர். தண்ணீர் தெளித்துத் தேய்த்து, உச்சியிலிருந்து வழிக்கத் தொடங்கினார். "கண்ணு நெறைய லட்சணமா கீது மருமவ, எத்தினி பவுனு போட்டு இட்டாந்தீங்க?" என்று ராஜம்மாவைக் கேட்டார். ராஜம்மா, "கத்தியப் பாத்து வழி" என்றார். கத்தி காதுப் பக்கம் வந்ததும் நின்றது.

"இன்னாம்மா இது? இங்க ஒரு வெட்டு. அடே, இந்தாண்டயும் அதே மாரி கீதே?"

கன்னியம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஏழுமலை பையனைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டான். ராஜம்மா கிட்டே வந்தார். தழும்பில் விரல் வைத்தார். கோடியிலிருந்து கோடி வரைக்கும் விரலை ஓட்டினார். அப்புறம் நாவிதரிடம், "சின்ன வயசுல வுயுந்தது. நீ முடி" என்றார்.

"ரெண்டு பக்கமுமா வுயுந்துச்சு?"

"ஆமா, ரெண்டு தபா வுயுந்தா. ஒனக்கு இன்னா பேஜாரு? முடிய்யா."

முடிந்தது. குளித்து வந்ததும் ராஜம்மா மருமகளை ஓரமாக உட்காரவைத்தார். கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்தார். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் நீர்க்கக் கரைக்கவில்லை, சேறு மாதிரிக் கெட்டியாகக் குழைத்தார். காதுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் முதலில் அப்பி, அது இறுகும் வரை காத்திருந்து, மேலே இன்னொரு முறை அப்பினார். பிறகுதான் மற்ற இடத்துக்கு வந்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"கொளத்தாண்ட தேச்சப்பவே தெரிஞ்சுது நர்சம்மா. புருவ முடியா அது? தல மயிராட்டம் மொரடா கீது."

"தெரிஞ்சுமா மொட்டை போடச் சொன்னீங்க?"

ராஜம்மா கையிலிருந்த சந்தனத்தை வழித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எனுக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா? தெருவு பாக்கணும். தல நெறைய முடியோட வந்தா, பூவப் பாப்பாளுங்க, பொட்டப் பாப்பாளுங்க. மொட்டையா வந்தா வேற எத்தப் பாப்பாளுங்க? இந்த ரெண்டு புருவந்தான் தெரியும்."

திருவாலங்காட்டில் ரயில் இறங்கி, வரப்பு வழியாக நடந்து, ஊருக்குள் நுழைந்தோம். ராஜம்மா மருமகளின் முக்காட்டை விலக்கித் தோளில் தள்ளிவிட்டு, அவளை முன்னால் நடக்கவிட்டார். மஞ்சள் பூசிய முகம், சந்தனத் தலை, நடுவில் கறுப்பாக இரண்டு புருவம். நான் வரைந்த கோட்டில் அப்படியே நின்றன. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி, "முருகன் கண்ண தொறந்துட்டான் பாரு ராஜம்மா" என்றாள். "நல்லா பாரு" என்றார் ராஜம்மா. பையன் மட்டும் மொட்டைத் தலைக்குப் பயந்து அப்பனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கன்னியம்மா கையை நீட்டியும் அன்று அவளிடம் போகவில்லை. இரண்டு நாள் ஆயிற்று என்று பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "யாராவது குடிக்க ஏதாவது குடுத்தாங்களா?"

"பக்கத்து வீட்டம்மா மோர் குடுத்தாங்க டாக்டர், அவங்க வீட்டுத் தம்ளர்லயே. குடிச்சதும் வாங்கிட்டு உள்ள போனாங்க."

தலையை ஆட்டினார். தாளில் ஒரு தலையை வரைந்து, காதுக்கு மேலே ஒரு கோடும், பின்மண்டையில் தாழ்வாக ஒரு கோடும் போட்டுப் பார்த்தார். இரண்டையும் அடித்தார். வழித்துவிட்டால் தழும்பு எங்கே இருந்தாலும் தெரியும்.

அதற்கடுத்து வந்த நோயாளி பட்டாபிராம் பக்கத்து ஆள். டாக்டர் வழக்கம்போல் முக்காலியில் உட்கார்ந்தார். நேராகப் பார்த்தார், இடம் பார்த்தார், வலம் பார்த்தார். சிரிக்கச் சொன்னார். "இந்த முகத்தை யாரு பாக்கணும்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனவர், மறுபடி உட்கார்ந்தார்.

"மொட்டை போடறதா வேண்டுதல் ஏதாவது இருக்கா? நீ வேண்டினதில்ல. உன் வீட்டுல யாராவது உனக்காக வேண்டினது?"

நான் இருந்த வரைக்கும் அந்த இரண்டாவது கேள்வியை நாங்கள் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. இல்லை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.